நான்கு மணி முதல் ஆறு மணி வரை

(லண்டன் தமிழ்ப் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



கத்திக்குத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாக நள்ளிரவிலிருந்து தொடங்குவார்கள். இருட்டுத் தெரு, முகமூடி, பொலிஸ் வாகனத்தின் நீல விளக்கு. நான் பின்னேரம் நான்கு மணியிலிருந்து தொடங்குகிறேன். காரணம் வைட்சப்பலில் இருக்கும் ரோயல் லண்டன் வைத்தியசாலை. கத்திக்குத்துக் காயத்தோடு அங்கே வந்து சேர்ந்த, 25 வயதுக்கு உட்பட்ட 1,824 பேரின் பதிவுகளை மருத்துவர்கள் சிலர் எடுத்துப் பார்த்தார்கள். 2004 முதல் 2014 வரையான பதிவுகள் அவை. 2018இல் முடிவை வெளியிட்டார்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அதிகமாகக் குத்துப்பட்டது பள்ளிக்கூட நாட்களில், மாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில். பட்ட இடமும் தூரத்தில் இல்லை. வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ அண்மையில்தான் பலர் குத்துப்பட்டார்கள்.

அது பிள்ளை சீருடையோடு பஸ்ஸுக்கு நிற்கும் நேரம். அப்பா கடையில் நிற்பார், அம்மா இன்னும் வேலையால் வந்திருக்க மாட்டார். அந்த மருத்துவர்கள் சொன்ன யோசனைகளில் ஒன்று, எல்லாப் பள்ளிக்கூடங்களையும் ஒரே நேரத்தில் விடாமல் நேரத்தை மாற்றி மாற்றி விடலாம் என்பது. காயத்தைத் தைக்கிறவர்கள் பள்ளிக்கூட மணியைப் பற்றிப் பேச வேண்டி வந்திருக்கிறது.

அந்த இரண்டு மணி நேரம் யாருடைய பொறுப்பு? பிரதமருடையது என்று சொல்லலாம், அவருக்குக் கேட்காது. பொலிஸாருடையது என்று சொல்லலாம். அவர்கள் வருவது பெரும்பாலும் பிறகு. அந்த நேரத்தில் பிள்ளை நடக்கும் தெருவின் விளக்கு, உட்காரும் பூங்கா, நுழையக்கூடிய நூலகம், கதவு திறந்திருக்கக்கூடிய இளையோர் மையம், இவற்றில் அநேகமானவை உங்கள் கவுன்சிலின் கையில் இருக்கின்றன. குப்பைத் தொட்டிக்கும் வாகனத் தரிப்பிட அபராதத்துக்கும் மட்டும்தான் கவுன்சில் என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குற்றத்தைத் தடுப்பதை ஒவ்வொரு கவுன்சிலும் தன் எல்லா வேலைகளிலும் மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. 2023 ஜனவரி கடைசியிலிருந்து இன்னொரு கடமையும் சேர்ந்துகொண்டது. பொலிஸ், சுகாதாரத் துறை, தீயணைப்புப் படை, கவுன்சில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, தங்கள் வட்டாரத்தில் கடும் வன்முறை ஏன் நடக்கிறது என்று கண்டறிந்து திட்டம் போட வேண்டும்.

கடமை சட்டத்தில் இருக்கிறது. காசுதான் போய்விட்டது. இளையோருக்கான ஓய்வுநேர வசதிகளை ஏற்படுத்திக் கொடுப்பதும் கவுன்சிலின் சட்டப்படியான பொறுப்பே. ஆனால் எவ்வளவு கொடுத்தால் போதும் என்று சட்டம் எண் சொல்லவில்லை. 2010க்குப் பிறகு மத்திய அரசு மானியத்தை வெட்டியபோது, கவுன்சில்கள் முதலில் கை வைத்தது இதில்தான். முதியோர் பராமரிப்பை வெட்டினால் வழக்கு வரும், குப்பையை அள்ளாவிட்டால் வாசலில் நாறும். யூத் கிளப்பை மூடினால் கேட்க யார் இருக்கிறார்கள்? அங்கே போகிறவர்களுக்கு வோட்டு இல்லை. இங்கிலாந்தில் இளையோர் சேவைகளுக்கான கவுன்சில் செலவு, விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 70 வீதத்துக்கும் மேல் விழுந்துவிட்டது.

அதன் விளைவை அளந்தும் பார்த்தாயிற்று. நிதிக் கல்விக் கழகம் என்று நாம் சொல்லக்கூடிய ஐ.எஃப்.எஸ். நிறுவனம் 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கும் 2019க்கும் இடையில் லண்டனின் யூத் கிளப்புகளில் 30 வீதம் மூடப்பட்டன. பக்கத்திலிருந்த கிளப்பை இழந்த 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள், இழக்காத பிள்ளைகளைவிட, அடுத்த ஆறு ஆண்டுகளில் குற்றத்தில் இறங்கும் வாய்ப்பு 14 வீதம் கூடியது. பரீட்சைப் புள்ளிகளும் குறைந்தன. மூடி மிச்சம் பிடித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் சமூகத்துக்கு ஏறத்தாழ மூன்று பவுண்ட் நட்டம். கணக்குப் பிள்ளை வைத்துக் கடை நடத்துகிறவர்கள் இந்தச் சபையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இப்படி மிச்சம் பிடிக்கிற கணக்குப் பிள்ளையை நீங்கள் ஒரு கிழமைக்கு மேல் வைத்திருக்க மாட்டீர்கள்.

இந்த இடத்தில் ஒரு முணுமுணுப்பு எழும் என்று எனக்குத் தெரியும். "இது எங்கட பிள்ளையளுக்கு இல்லை. எங்கட பிள்ளையள் ரியூஷனுக்குப் போகுதுகள், வயலின் படிக்குதுகள்." தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் ஈஸ்ட் ஹாமிலும் வெம்ப்ளியிலும் ரூட்டிங்கிலும் குரொய்டனிலும் இருந்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். ஊர்ப் பெயரும் பட்டப் பெயரும் வைத்துக்கொண்டு தமிழ்ப் பெடியன்கள் வாளோடும் கோடரியோடும் ஒருவரையொருவர் துரத்திய காலம் அது. செத்தவனும் தமிழ்ப் பிள்ளை, சிறைக்குப் போனவனும் தமிழ்ப் பிள்ளை. போரிலிருந்து தனியாக வந்து, மொழி தெரியாமல், பொலிஸ் என்றாலே உடம்பு நடுங்க வளர்ந்த ஒரு தலைமுறை. நாம் அவர்களைப் பற்றிப் பேசாமல் விட்டோம். மானம் போய்விடும் என்று மூடி மறைத்தோம். கோவில் திருவிழாவில் பொலிஸ் நின்றால், வாகனம் ஒழுங்குபடுத்த நிற்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். அவர்களை அழைத்து உட்கார வைத்து, உனக்கு என்ன பயம் என்று கேட்ட பெரியவர் எத்தனை பேர்?

பயம் என்று சொன்னேன். கத்தி வைத்திருந்து பிடிபடும் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணம் அதுதான். அடிக்கப் போவதற்காக எடுக்கவில்லை, அடிக்க வந்தால் என்ன செய்வது என்று எடுத்தேன் என்பார்கள். சட்டம் அதை ஏற்காது. தற்காப்புக்கு வைத்திருந்தேன் என்பது நியாயமான காரணம் ஆகாது. மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைத் தவிர, கூர் அலகுள்ள எதையும் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருந்தால் நான்கு ஆண்டுவரை சிறை. குற்றப் பொறுப்பு இங்கே பத்து வயதில் தொடங்கிவிடுகிறது. கத்தி வாங்க அவன் எங்கும் போக வேண்டியதும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூரிய ஆயுதத்தால் நடக்கும் கொலைகளில் அதிகம் பயன்படுவது சமையலறைக் கத்தி. 2024 செப்டம்பரில் ஸொம்பி பாணிக் கத்திகளையும், 2025 ஓகஸ்ட்டில் நிஞ்சா வாள்களையும் தடை செய்தார்கள். சரியான வேலை. ஆனால் வெங்காயம் நறுக்கும் கத்தியை எந்த அமைச்சரும் தடை செய்ய முடியாது.

அப்படியானால் என்ன செய்வது? கிளாஸ்கோவைப் பார்க்க வேண்டும். 2005இல் ஸ்ட்ராத்கிளைட் பொலிஸில் இருந்த இருவர், துப்பறியும் அதிகாரி ஜோன் கார்னக்கனும் பகுப்பாய்வாளர் கேரின் மக்லஸ்கியும், வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். மக்லஸ்கி முன்னர் தாதியாக இருந்தவர். வன்முறையை ஒரு தொற்று நோயாகப் பாருங்கள் என்றார்கள். யாருக்குத் தொற்றுகிறது, எங்கே, ஏன், எப்படி முன்கூட்டியே தடுப்பது? 2008இல் குழுச் சண்டைக்காரப் பையன்களைக் கிளாஸ்கோ நீதிமன்றத்துக்கே அழைத்தார்கள். வழக்குக்காக அல்ல. முதலில் பொலிஸ் அதிகாரி எழுந்து, இனி ஒருவன் கைவைத்தால் குழு முழுவதையும் பிடிப்போம் என்றார். பிறகு காயங்களைத் தைக்கும் சத்திரசிகிச்சை நிபுணர் பேசினார். பிறகு பிள்ளையைப் பறிகொடுத்த தாய். கடைசியில் ஒரு தொலைபேசி எண் கொடுத்தார்கள். வேலை வேண்டுமா, படிப்பு வேண்டுமா, குடியிலிருந்து விடுபட வேண்டுமா, கூப்பிடு. கூப்பிட்டால் எடுப்பதற்கு ஆட்களும் இருந்தார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் கவுன்சிலின் வீட்டு வசதிப் பிரிவும் பள்ளிக்கூடங்களும் சுகாதாரப் பிரிவும் நின்றன.

2004–05இல் ஸ்கொட்லாந்தில் கொலைகள் 140ஐ ஒட்டி இருந்தன. பத்து ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆய்வாளர்கள் அதைப் பற்றி இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் லண்டன் மேயர் சாதிக் கான் 2018இல் இதே பெயரில் ஒரு பிரிவை லண்டனில் தொடங்கியபோது, பாடம் கேட்கப் போனது கிளாஸ்கோவுக்குத்தான்.

இளையோரைக் கேட்காமல் திட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. இது நம் வீட்டுக் கதையும்கூட. 2019 ஓகஸ்ட்டில் உள்துறை அமைச்சு ஒரு பிரசாரம் செய்தது. பொரித்த கோழி விற்கும் 210க்கும் மேற்பட்ட கடைகளுக்கு 3,21,000 அட்டைப் பெட்டிகள் அனுப்பப்பட்டன. பெட்டியின் மேலே கத்தி வேண்டாம் என்ற வாசகம், உள்ளே கத்தியைக் கைவிட்ட இளைஞர்களின் கதைகள். கதைகள் உண்மையானவை, நோக்கமும் கெட்டதல்ல. ஆனால் அடுத்த நாளே ஏச்சு வந்து விழுந்தது. கோழிப் பெட்டியில் எழுதினால் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் என்று நினைத்தீர்களா என்று நாடாளுமன்ற உறுப்பினர்களே கேட்டார்கள். அந்தப் பெட்டிகள் போன கடைகளில் மோர்லீஸ் கிளைகளும் அடக்கம். மோர்லீஸ், இலங்கையிலிருந்து வந்த நம்மவர் ஒருவர் 1985இல் தென்லண்டன் சிட்னத்தில் தொடங்கிய கடை. பள்ளி விட்டதும் பிள்ளைகள் கூடுகிற இடம் அது என்பதை அமைச்சு சரியாகக் கண்டுபிடித்திருந்தது. பிள்ளைகள் அங்கே ஏன் கூடுகிறார்கள் என்று கேட்டிருந்தால், இரண்டு பவுண்டுக்குச் சூடாகச் சாப்பிட்டு அரை மணி நேரம் உட்கார வேறு இடம் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். பெட்டி அச்சடித்த காசில் சில யூத் கிளப்புகளின் விளக்கையாவது எரிய வைத்திருக்கலாம்.

பிள்ளைகள் தங்கள் வாயால் சொல்லியும் இருந்தார்கள். பிரித்தானிய இளையோர் நாடாளுமன்றம் நடத்தும் வாக்கெடுப்பில் 2018இல் 11 முதல் 18 வயதுவரையான பதினொரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் அவர்களின் பிரதிநிதிகள் உண்மையான மக்களவை மண்டபத்திலேயே, அந்தப் பச்சை ஆசனங்களில் உட்கார்ந்து விவாதித்து, கத்திக் குற்றத்தை ஒழிப்பதை அடுத்த ஆண்டுக்கான தங்கள் பிரசாரமாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு வருடம் கழியுமுன் அவர்களுக்குக் கிடைத்தது கோழிப் பெட்டி.

இதனால்தான் எனக்கு நாடாளுமன்றத்தைவிட லூவிஷம் கவுன்சிலில் அக்கறை. சிட்னம் இருப்பதும் அந்த வட்டாரத்தில்தான். நம்மில் பலர் கிளாரெண்டன் ரைஸ் சிவன் கோவிலுக்கு அங்கே போய் வருகிறோம். 2004இல் லூவிஷம் இளம் மேயர் என்ற பதவியை ஏற்படுத்தியது. வட்டாரத்தில் வசிக்கும் அல்லது படிக்கும் 11 முதல் 18 வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடங்களில் வாக்குப்பெட்டி வைத்து வாக்களிப்பார்கள். வேட்பாளர்கள் விஞ்ஞாபனம் எழுதுவார்கள், மேடையில் நின்று கேள்விக்குப் பதில் சொல்வார்கள். பாதி அளவு பிள்ளைகள் வாக்களித்த ஆண்டுகள் உண்டு. லண்டன் கவுன்சில் தேர்தல்களில் வளர்ந்தவர்களான நாம் 2022இல் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டினோம், அவ்வளவுதான்.

லூவிஷத்தை மற்ற இடங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்தப் பதவியோடு வந்த காசு. சுமார் 30,000 பவுண்ட். இளம் மேயரும் ஆலோசகர்களாக இருக்கும் பிள்ளைகளும் தங்கள் வயதினரிடம் கேட்டு, எதற்குச் செலவழிப்பது என்று தீர்மானித்து, திட்டமாக எழுதி, உண்மையான மேயரின் அமைச்சரவைக் கூட்டத்தில் வைக்க வேண்டும். அங்கே பெரியவர்கள் கேள்வி கேட்பார்கள். கோடிக் கணக்கில் செலவழிக்கும் ஒரு கவுன்சிலுக்கு 30,000 பவுண்ட் தூசு. ஆனால் 15 வயதுப் பிள்ளை ஒருத்தி தன் வட்டாரத்தில் எந்த இடம் பயமான இடம், அங்கே எதைச் செய்தால் பயம் குறையும், அதற்கு எவ்வளவு பிடிக்கும் என்று கூட்டிக் கழித்து, பிழைத்தால் பதில் சொல்லும் பொறுப்போடு முடிவு எடுக்கிறாள். இந்தப் பயிற்சியை எந்த ரியூஷனிலும் வாங்க முடியாது.

காசும் முடிவெடுக்கும் உரிமையும் இல்லாத இளையோர் மன்றங்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு தடவை கூட்டம், பீட்சா, கவுன்சிலரோடு படம், கவுன்சில் சஞ்சிகையில் அரைப் பக்கம். பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. மூன்றாவது கூட்டத்துக்கு வர மாட்டார்கள். அப்போது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று அறிக்கை எழுதுவார்கள். இப்படிப்பட்ட மன்றம் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல் என்பது என் கருத்து. கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

லூவிஷம் முறைக்கும் ஒரு குறை உண்டு. தேர்தலில் நிற்கிற பிள்ளை ஏற்கெனவே மேடையேறத் தெரிந்த பிள்ளை. பள்ளியிலிருந்து விலக்கப்பட்டு, வேறு நிலையத்துக்கு அனுப்பப்பட்டு, பகலில் தெருவில் நிற்கும் பிள்ளையின் கையில் வாக்குச் சீட்டு போய்ச் சேராது. கத்தி அவனுக்குத்தான் முதலில் எட்டும். லண்டன் வன்முறைக் குறைப்புப் பிரிவு இளையோர் செயற்குழு ஒன்றை வைத்திருக்கிறது. அந்தக் குழுவின் பிள்ளைகள் தொடர்ந்து பிடித்துக்கொண்டு நின்ற விடயம், பள்ளிகள் பிள்ளைகளை வெளியே தள்ளுவதைக் குறைக்க வேண்டும் என்பது. பெரியவர்கள் கத்தியைப் பற்றிக் கேட்டார்கள், அவர்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பதில் சொன்னார்கள். இங்கே கவுன்சிலின் கை கட்டப்பட்டிருப்பதையும் சொல்ல வேண்டும். லண்டனில் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் அக்கடமிகள். பிள்ளையை விலக்காதே என்று அவற்றுக்குக் கவுன்சில் உத்தரவிட முடியாது. பேசிப் பார்க்கலாம், பள்ளி நிர்வாகக் குழுக்களில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் கேள்வி கேட்கலாம். நம் சமூகத்தில் அந்தக் குழுக்களுக்குப் போகிறவர்கள் குறைவு. மருத்துவப் பீடத்துக்கு எத்தனை பேர் போனார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்கிற நாம், எத்தனை பேரை விலக்கினீர்கள் என்று கேட்பதில்லை.

பிள்ளைகள் செய்யக்கூடிய இன்னொரு வேலை இருக்கிறது. அதைச் சொன்னால் இந்தச் சபையில் சிலருக்கு வியர்க்கும். 18 வயதுக்குக் குறைந்தவருக்குக் கத்தி விற்பது குற்றம், சிறைத் தண்டனையும் உண்டு. அதைப் பரிசோதிக்க, கவுன்சிலின் வர்த்தகத் தர அதிகாரிகள் பதின்ம வயதுத் தொண்டர்களைக் கடைகளுக்கு அனுப்புவார்கள். பிள்ளை உள்ளே வந்து கத்தி கேட்கும், அதிகாரி பக்கத்தில் நிற்பார். நம் பலசரக்குக் கடைகளில் கத்திகள் பாத்திரங்களோடு சேர்ந்து, கைக்கெட்டும் உயரத்தில் தொங்குகின்றன. அடையாள அட்டை கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிற அண்ணைமார் இருக்கிறார்கள். கேளுங்கள் அண்ணை. கத்தியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். அப்படி வரும் தொண்டர்களில் நம் பிள்ளைகளும் இருந்தால் நான் சந்தோசப்படுவேன்.

பொலிஸார் தெருவில் நிறுத்திச் சோதனையிடுவதைக் கண்காணிக்க லண்டனில் பொதுமக்கள் குழுக்கள் உண்டு. கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையினத்தவரைவிடப் பல மடங்கு அதிகமாக நிறுத்தப்படுகிறார்கள் என்பது அரசின் சொந்தப் புள்ளிவிவரம். நிறுத்தப்படுகிற வயதினர் அந்தக் குழுக்களில் உட்கார வேண்டாமா? கவுன்சிலின் ஆய்வுக் குழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. அங்கே போய்க் கேள்வி கேட்கலாம், மனு கொடுக்கலாம். புதிய அடுக்குமாடிகள் கட்டுவோரிடமிருந்து கவுன்சில் வாங்கும் அபிவிருத்திக் கட்டணத்தை எதில் போடுவது என்று கருத்துக் கேட்கும் காலங்களில், தமிழ்ப் பெயர்கள் மிக அரிதாகவே தென்படுகின்றன.

உங்களிடம் நான் கேட்பது இவைதான். இலங்கை, இந்தியக் குடியுரிமை உள்ளவர்களும், இங்கே தங்கும் அனுமதி இருந்தால், இந்த நாட்டுத் தேர்தல்களில் வாக்களிக்கலாம். பொதுநலவாய நாட்டவர் என்பதால் வரும் உரிமை அது. பலர் பதிந்துகொள்ளாமலே இருக்கிறார்கள். பதியுங்கள். 16 வயதான பிள்ளையின் பெயரையும் பதியுங்கள். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் 16 வயதுக்காரர்கள் தங்கள் கவுன்சில் தேர்தல்களில் ஏற்கெனவே வாக்களிக்கிறார்கள். இங்கும் அந்த வயதுக்குக் குறைக்கப் போவதாக அரசாங்கம் 2025 ஜூலையில் அறிவித்தது. வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் கோவில் காணிக்கும் தரிப்பிட அனுமதிக்கும் மட்டும் உறுதி வாங்காதீர்கள். இளையோர் சேவைக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள், அதில் எவ்வளவைப் பிள்ளைகளே தீர்மானிப்பார்கள் என்று கேளுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக் கேளுங்கள்.

அம்மா அப்பா கூட்டிக்கொண்டு வந்ததால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. கவுன்சிலராக நிற்பதற்கான வயது முன்பு 21. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதை 18 ஆக்கியது. முன்பு வேட்பு மனுவுக்கு அந்தத் தொகுதி வாக்காளர் பத்துப் பேரின் கையெழுத்து வேண்டும். இப்போது முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர், இரண்டே பேர் போதும். பெற்றோரே, உங்கள் மகளோ மகனோ அந்தப் படிவத்தோடு வந்து நின்றால், முதலில் பட்டத்தை முடி, பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பேனையை எடுங்கள்.